‘மிதிங்க்ஸ்’: ஓர் ஆங்கில வினைவடிவத்தின் வரலாறு

சேக்சுபியரின் (1564–1616) நாடகங்களைப் பயில்வோர் ‘மிதிங்க்ஸ்’ என்னும் வழக்கிழந்த வினைவடிவத்தைப் பலவிடத்தும் எதிர்கொள்வர். ‘நான் நினைக்கிறேன்’ என இதற்குப் பொருள் கூறி அமைதல் பெருவழக்கு. அவ்வாறு கொள்ளின், எழுவாயாக ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘மி’ நிற்பதும், தன்மை வினையிற் படர்க்கைக்குரிய ‘ஸ்’ விகுதி சேர்வதும் வழுக்களாகவே தோன்றும். உண்மையில் இவை வழுக்களல்ல. முந்தியதோர் இலக்கண அமைப்பின் எச்சங்கள். இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரு வினைகள் வழங்கின. ‘தெஞ்சன்’ என்பது நினைத்தலையும், ‘தியுஞ்சன்’ என்பது தோன்றுதலையும் குறித்தன. அவற்றின் இறந்தகால வடிவங்கள் முறையே ‘தோஹ்தே’, ‘தூஹ்தே’ என்பன. ஒரே வேரிற் கிளைத்தவையாயினும் இவற்றின் தொடரமைப்பு வேறு. நினைப்பவர் எழுவாயாக நின்றார். தோன்றுதல் வினையிலோ, எவருக்குத் தோன்றியதோ அவரைக் குறிக்கும் சொல் நான்காம் வேற்றுமையில் நின்றது. ஆகவே, ‘மிதிங்க்ஸ்’ என்பதிலுள்ள ‘மி’, ‘எனக்கு’ என்பதாம். அவ்வினை ‘நான்’ என்பதைத் தழுவாமையால் படர்க்கை ஒருமை விகுதி பெற்றது. ஜேர்மன் மொழியில் அருகி வழங்கும் ‘டியுங்கன்’ இதன் உறவுச்சொல்லாகும்.

இடைக்கால ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் தேய்ந்தன. இரு வினைகளும் ‘திங்க்’ என ஒன்றாய் மயங்கின. 1400இல் மறைந்த சோசரின் நூல்களில் இத்தொடர் ‘எத்’ என்னும் பழைய விகுதியுடன் காணப்படுகின்றது. ‘லைக்’ என்னும் வினையும் முன்னர் ‘பிடித்தமாதல்’ என்னும் பொருளில் இவ்வாறே அமைந்திருந்தது. சொல்லொழுங்கே எழுவாயைக் காட்டத் தொடங்கியபோது, ‘எனக்குப் பிடிக்கும்’ என்னும் அமைப்பு ‘நான் விரும்புகிறேன்’ என்பதாக மாறிற்று. ‘மிதிங்க்ஸ்’ மட்டும் மாறாது ஒரு சொல்லாய் இறுகியது. ‘மிதோட்’ என்பது அதன் இறந்தகால வடிவம்.

‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குத் தெரியும்’ என இன்றும் வழங்கும் நமக்கு இவ்வமைப்புப் புதியதன்று. எனினும், இவ்வொப்புமை கொண்டு இரு மொழிகளுக்கும் இனவுறவு கற்பித்தல் பொருந்தாது. உள்ளத்து நிகழ்ச்சியை ஒருவர் செய்யும் செயலாகவன்றி அவருக்கு நேர்வதாகக் கூறும் அமைப்பு, உறவற்ற மொழிகள் பலவற்றிலும் உண்டு. ஆதலின், ‘மிதிங்க்ஸ்’ என்பதை ‘எனக்குத் தோன்றுகிறது’ எனப் பெயர்த்தலே அதன் பொருளுக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே இயைவதாகும்.