ட்ரியர் நாட்கள் – 9: ஐந்து பாஸ்போர்ட்டும் ஒரு பாலமும்

பரிமாற்ற மாணவர்களின் வார இறுதிப் பயணங்கள் பெரும்பாலும் விடுதியின் பொதுச் சமையலறையில்தான் முடிவாகும். ஒருவர் வெங்காயம் நறுக்குவார், இன்னொருவர் போனில் ரயில் நேரம் பார்ப்பார், அடுப்பில் இருப்பது வேகும் முன்பே ஊர் தீர்மானமாகிவிடும். அந்த அக்டோபரில், ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் எங்கள் விடுதி மாடியில் பாரிஸ், பிராக் என்று பெரிய பெயர்கள்தான் அடிபட்டன. ஷெங்கன் போகலாம் என்று சொன்னவள் துருக்கியின் இஸ்மீர் நகரத்துத் தோழி. "அது ஓர் ஊரா?" என்று செவில்லேக்காரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். ஸ்பெயினில் பிறந்தவனுக்கு அந்தப் பெயரோடு எந்த வேலையும் இருந்ததில்லை. இஸ்மீர் தோழிக்கும் எனக்கும் அது, விசாவுக்காகக் காத்திருந்தபோது, மாதக்கணக்கில் கனவிலும் வந்த பெயர்.

எங்கள் ஐவரில் பூசானிலிருந்து வந்த கொரியத் தோழியும், பிரேசிலின் ரெசிஃபெ நகரத்து நண்பனும் விசா இல்லாமலே விமானம் ஏறியவர்கள். ஜெர்மனியில் இறங்கிய பிறகு தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு உண்டு. செவில்லேக்காரனுக்கு அடையாள அட்டையே போதும். மீதி இரண்டு பேர்தான் நேர்காணல் தேதிக்குக் காத்திருந்து, மாதம் 992 யூரோ செலவுக்கு வழியிருக்கிறது என்று காகிதம் காட்டி, கைரேகை வைத்து வந்தவர்கள். துருக்கி 2004-லிருந்து எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இருக்கிறது. விசா வரிசை மட்டும் இன்னும் குறையவில்லை. அவளும் நானும் சிநேகிதமானதே அந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசித்தான்.

ட்ரியரிலிருந்து பேர்ல் போகும் ரயில் மோஸல் நதியை ஒட்டியே ஓடுகிறது. வலப்பக்க ஜன்னலில் நதி. நதிக்கு அந்தப் பக்கம் லக்ஸம்பர்க்கின் திராட்சைச் சரிவுகள், இலையெல்லாம் மஞ்சள். வழியில் நென்னிக்கில் இறங்கி, 1852-இல் ஒரு விவசாயி நிலத்தைத் தோண்டும்போது வெளிப்பட்ட ரோமானிய மொசைக் தரையைப் பார்த்தோம். மல்லர்களும் மிருகங்களும் மோதும் படங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில், ஒருவர் தண்ணீர் விசையால் ஒலிக்கும் ஆர்கன் வாசிக்க, பக்கத்தில் இன்னொருவர் வளைந்த கொம்பு ஊதுகிறார். இசை படிக்கும் ரெசிஃபெ நண்பனை அந்த இடத்திலிருந்து நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

பேர்ல் ஸ்டேஷனிலிருந்து பாலம் சில நிமிட நடை. இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை ஷெங்கன். தெற்கே சற்றுத் தள்ளி பிரான்ஸ் தொடங்கிவிடுகிறது. பாலத்தில் சாவடி இல்லை, தடுப்புக் கம்பி இல்லை. சைக்கிளில் ரொட்டிப் பையோடு ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போனார். பாலம் முடியும் இடத்தில் லக்ஸம்பர்க் என்று எழுதி, சுற்றிலும் நட்சத்திரங்கள் போட்ட நீலப் பலகை.

பூசான் தோழி அந்தப் பலகை வரை போனாள், திரும்பி ஜெர்மனிப் பக்கம் வந்தாள், மறுபடியும் போனாள். கேட்டபோது சொன்னாள்: "நான் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து போவது இதுதான் முதல் தடவை." தென் கொரியாவுக்குத் தரைவழி எல்லை ஒன்றே ஒன்றுதான். அதில் முள்வேலியும் கண்ணிவெடியும் இருக்கின்றன. மற்ற மூன்று பக்கமும் கடல். அவள் தாத்தாவின் அண்ணன் குடும்பம் வடக்கே நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. உலகத்தின் மிக வலிமையான பாஸ்போர்ட்டுகளில் ஒன்றை வைத்திருப்பவள் அவள். நானும் இஸ்மீர் தோழியும் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டு. பாலத்தில் அவள் நடந்த நடையைப் பார்த்த பிறகு அந்தப் பொறாமை எங்களிடம் மிஞ்சவில்லை.

நடுப்பாலத்தில் எல்லைக்கோடு எங்கே என்று அவள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. அங்கே கோடே கிடையாது. நெப்போலியன் காலப் போர்கள் முடிந்து 1815, 1816-இல் எல்லைகளை வகுத்தபோது, இந்தப் பகுதியில் மோஸல் நதியைப் பாதியாகப் பிரிக்காமல் இரு தரப்புக்கும் பொதுவென்று வைத்துவிட்டார்கள். இன்றும் கரையிலிருந்து கரை வரை தண்ணீர் முழுவதும் ஜெர்மனிக்கும் சொந்தம், லக்ஸம்பர்க்குக்கும் சொந்தம். மீன் பிடிக்கவும் பொதுவான விதிகள்தான். கீழே ஒருவர் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சொந்த ஊர் மண்டபம். 1974-இல் பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் ஒப்புக்கொண்ட கோட்டை நான் வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே, அதைத் தாண்டியதாகக் கைதாகிப் போன மீனவர்களின் வீட்டு வாசலில்தான் பார்த்தேன். அந்தக் கரையில், இழுவைப் படகுகளிடம் வலையைப் பறிகொடுக்கும் யாழ்ப்பாணத்து மீனவரின் கோபமும் நியாயமானது. ஒரே மொழி பேசும் இரண்டு கரைகள். மோஸலுக்குச் செய்ததை அப்படியே பாக் நீரிணைக்குச் செய்துவிட முடியாது என்று தெரியும். ஆனாலும் இரண்டு நாடுகள் ஒரே தண்ணீரை இரு நூற்றாண்டாகப் பங்கு போடாமல் வைத்திருக்க முடிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை நீக்க வழி செய்த ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்த மோஸல் தண்ணீரின் மேல்தான். 1985 ஜூன் 14-இல், 'பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்' என்ற சுற்றுலாக் கப்பலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் என ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஐரோப்பியச் சமூகத்தில் அப்போது இருந்த 10 நாடுகளில் பாதி மட்டுமே. இதற்கு வழி திறந்ததில் லாரி ஓட்டுநர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1984-இன் தொடக்கத்தில், சுங்கச் சாவடித் தாமதத்தால் வெறுத்துப்போன ஓட்டுநர்கள் பிரான்ஸின் சாலைகளை மறித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸும் ஜெர்மனியும் சார்ப்ரூக்கனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மறு ஆண்டு ஷெங்கன். நடைமுறைக்கு வர 1995 மார்ச் ஆனது. இன்று 29 நாடுகள். வரிசையில் நின்று களைத்தவர்கள் தொடங்கி வைத்தது இது என்பதை விசா வரிசையில் நின்ற எல்லோரும் அறிய வேண்டும்.

அந்தக் கப்பல் கைமாறிப் போய், 40-ஆம் ஆண்டு நிறைவுக்காக 2025-இல் மீட்கப்பட்டு இப்போது ஷெங்கன் கரையில் நிற்கிறது. அருகே அருங்காட்சியகம், பெர்லின் சுவரின் துண்டுகள், நாடுகளின் பெயரால் நட்சத்திரங்கள் பதித்த எஃகுத் தூண்கள். ஊர் என்று பார்த்தால் ஒரு பழைய கோட்டை வீடு, சில தெருக்கள், திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான். சாலையோரத்தில் மட்டும் பெட்ரோல் பங்க்குகள் நெருக்கமாக நிற்கின்றன. லக்ஸம்பர்க்கில் பெட்ரோலும் சிகரெட்டும் காபித்தூளும் மலிவு என்பதால் இரண்டு அண்டை நாட்டுக் கார்களும் வந்து நிரப்பிக்கொள்கின்றன. 2020-இல் கொரோனாவுக்காக ஜெர்மனி எல்லையை அடைத்தபோது, இந்த ஊரில் ஐரோப்பியக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைக்கும் வேலைக்கும் போய்ப் பழகிய ஊருக்கு அது துக்கம்தானே?

இரவு ரெமர்ஷன் இளைஞர் விடுதியில் தங்கினோம். ஞாயிறு காலை நடந்தே பிரான்ஸின் அபாக் கிராமத்துக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தோம். பூசான் தோழி இரண்டாவது எல்லையையும் நடந்தே கடந்தாள். பிற்பகலில் பஸ் ஏறி லக்ஸம்பர்க் நகரம். அந்த நாட்டில் 2020-லிருந்து பஸ், ரயில், டிராம் எல்லாம் இலவசம். எல்லைக்கு அப்பால் உள்ள சிறு தூரத்துக்கு மட்டும் டிக்கெட் வேண்டும்.

மாலை ரயில் வாஸர்பில்லிக் தாண்டி ஜெர்மனிக்குள் நுழைந்ததும் இரண்டு காவலர்கள் ஏறினார்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்து, அதை நீட்டித்துக்கொண்டே போகிறது. பெட்டியில் இருந்த எல்லோரிடமும் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார்கள். இஸ்மீர் தோழியும் நானும் கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் மடியில் எடுத்து வைத்திருந்தோம். செவில்லேக்காரன் பர்ஸின் எல்லா அறைகளையும் துழாவி அடையாள அட்டையை எடுத்தான். ரயிலில் அதைக் காட்டுவது அவன் வாழ்க்கையில் முதல் தடவை.

காவலர்கள் அடுத்த பெட்டிக்குப் போன பிறகு அவன் எங்கள் மடியைப் பார்த்தான். "நீங்கள் எப்போதும் இப்படித் தயாராக இருப்பீர்களா? இங்கே வர என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. இஸ்மீர் தோழி விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள், விட்டதை நான் சேர்த்தேன். மருத்துவக் காப்பீட்டுச் சான்று வரை வருவதற்குள் ட்ரியர் வந்துவிட்டது. மீதியை விடுதிக்குப் போகும் பஸ்ஸில் சொன்னோம்.

(தொடரும்)