காலையில் இணைப்பு வராத கணனி

பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும், விண்ணப்பப் படிவம் எடுக்கவும் இன்று கணனி வேண்டியிருக்கிறது. சனசமூக நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உள்ள ஒரே கணனியைப் பல குடும்பங்கள் நம்பியிருக்கும் இடங்கள் உண்டு. காலையில் அதைப் போட்டதும் இணைப்பு இல்லை என்று காட்டினால், வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். விண்ணப்பத்தின் முடிவுத் திகதி அன்றாக இருந்தால் இழப்புப் பெரிது. கணனியைப் பட்டணத்துக்குத் தூக்கிச் சென்றால் பஸ் கூலியும் திருத்தக் கூலியும் வேறு. வடத்தால் இணைக்கப்பட்ட கணனியில் இக்குறையின் காரணத்தைப் பல வேளைகளில் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால், துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து, தண்ணீர் எங்கே தடைப்படுகிறது என்று பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான்.

முதலில் விளக்கு

கணனியின் பின்புறம் வலையமைப்பு வடம் செருகும் துவாரத்தின் அருகே சிறு விளக்கு இருக்கும். றவுட்டரிலும் அவ்வாறே. கணனி இயங்கும்போது இரண்டும் எரியாவிட்டால் வடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். செருகியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் வடம் மெல்ல நழுவிவிடும். எலி கடித்திருக்கலாம். வேறு வடத்தைப் போட்டும், றவுட்டரின் வேறு துவாரத்தில் செருகியும் பாருங்கள். சாதாரண செப்பு வடத்தை 100 மீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது.

அடுத்தது முகவரி

விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லையென்றால் முகவரியைப் பார்க்க வேண்டும். கணனி தொடங்கும்போது தனக்கு ஓர் இலக்க முகவரி தருமாறு றவுட்டரைக் கேட்கிறது. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது இரண்டும் ஒன்றாக எழும்புகின்றன. றவுட்டர் ஆயத்தமாகச் சில நிமிடங்கள் ஆகலாம். கணனி அதற்கு முன்பே கேட்டுப் பதில் கிடைக்காமல், தனக்குத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது.

இதை அறிய, வின்டோஸ் கணனியில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற 8 ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். வரும் முகவரி 169.254 என்று தொடங்கினால், றவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். வடத்தைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மீண்டும் செருகினால் கணனி புதிதாகக் கேட்கும். இனிமேல் றவுட்டரை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பின்னரே கணனியைப் போடுவது நல்ல வழக்கம்.

நிறுத்திப் போட்டால் மட்டும் வரும் குறை

சில கணனிகள் இரவு நிறுத்திக் காலையில் போட்டால் இணைப்புத் தருவதில்லை. ஆனால் 'றீஸ்டார்ட்' கொடுத்தால் தருகின்றன. 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி உண்டு. கணனியை நிறுத்தும்போது, அது தன் நிலையின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்தே எழும்புகிறது. அப்போது வலையமைப்பு அட்டை சரிவர விழிக்காமல் போகலாம். றீஸ்டார்ட் செய்யும்போது எல்லாம் புதிதாகத் தொடங்குகின்றன. கொன்ட்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, மின்பொத்தான்களின் வேலையைத் தீர்மானிக்கும் பக்கத்தில் இவ்வசதியின் அடையாளத்தை நீக்கிவிடுங்கள். கணனி தொடங்கச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே.

இடி மின்னல்

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் அதிகம். மின்வடத்தைக் கழற்றினால் மட்டும் போதாது. வலையமைப்பு வடமும் செப்புக் கம்பியே. அதன் வழியாகவும் மின்னதிர்ச்சி வந்து அட்டையை எரித்துவிடும். முகில் கறுக்கும்போதே, இடி தொடங்குமுன், இரண்டையும் கழற்றிவையுங்கள். நல்ல வடம் போட்டும் விளக்கு எரியாமல், அதே வடம் வேறு கணனியில் வேலை செய்தால், அட்டை பழுதாகியிருக்கக் கூடும். அப்போதுதான் திருத்துநரிடம் போக வேண்டும்.

கணனிக்கு அருகில் ஒரு கொப்பியை வைத்து, எந்த நாளில் என்ன குறை, எதைச் செய்தபின் சரியானது என்று எழுதிவாருங்கள். இளைஞர் ஒருவர் மட்டும் இதை அறிந்திருந்தால், அவர் இல்லாத நாளில் மீண்டும் கதவடைப்புத்தான். குறைந்தது மூவராவது பழகிக்கொள்ளட்டும்.