‘கிவ் அப்’: பொருளும் வழக்கும்

ஆங்கிலத்தில் எளிய வினைச்சொல் ஒன்று ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல்லோடு சேர்ந்து, தனித்து நிற்கையில் தராத பொருளைத் தருமானால், அச்சேர்க்கை ‘ஃப்ரேசல் வெர்ப்’, அதாவது தொடர்வினை எனப்படும். இவ்வகை வினைகள் பிறமொழியாளருக்கு மிகவும் கடினமானவை என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே சுட்டியிருக்கிறார். எனினும், ஒரு தொடர்வினையின் உட்பொருளைப் பற்றிக்கொண்டால் அதன் பல பொருள்களும் தாமே விளங்கும் என்பதற்கு ‘கிவ் அப்’ நல்ல சான்றாகும்.

‘கிவ்’ என்பதற்குக் ‘கொடு’ என்பது பொருள். ‘அப்’ பொதுவாக மேல்நோக்கிய திசையைக் குறித்தாலும், மிச்சமின்றி உண்பதை ‘ஈட் அப்’ என்றும், தீரும்வரை பயன்படுத்துவதை ‘யூஸ் அப்’ என்றும் சொல்லும்போது முழுமையை உணர்த்துகிறது. ஆகவே, தன்வசம் உள்ளதை முற்றாக விட்டுவிடுவதே ‘கிவ் அப்’ என்பதன் உட்பொருள் எனலாம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவியர் எழுதிய வரலாற்றுக் குறிப்பேட்டில், 1132ஆம் ஆண்டுச் செய்தியாக, மன்னர் முதலாம் ஹென்றி அம்மடத்தின் தலைவரைப் பதவி துறக்கச் செய்ததைக் கூறுமிடத்தில் இவ்வினை இப்பொருளிலேயே வந்துள்ளது.

விடப்படுவது எதுவோ அதற்கேற்பப் பொருள் கிளைக்கிறது. பழக்கமாயின் கைவிடுதல், பேருந்து இருக்கையாயின் விட்டுக்கொடுத்தல், தேடப்படுபவர் தம்மையே காவல்துறையிடம் ஒப்படைத்தால் சரணடைதல், எதையும் குறிப்பிடாமல் தனித்து வந்தால் முயற்சியைக் கைவிடுதல். ‘ஆன்’ சேர்ந்து ‘கிவ் அப் ஆன்’ என்றாகும்போது, ஒருவர்மீதோ ஒன்றன்மீதோ வைத்த நம்பிக்கையை இழத்தலைக் குறிக்கும். ‘கிவ் இன்’ என்பதோ பிறரது வற்புறுத்தலுக்கு இணங்குதல் ஆகையால், இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

வழக்கில் இரண்டு விதிகள் இன்றியமையாதவை. புகைபிடிப்பதை விட்டுவிட்டார் என்பதற்கு ‘ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்பதே சரி; ‘டு ஸ்மோக்’ என வராது. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘கிவ் அப் த ஜாப்’, ‘கிவ் த ஜாப் அப்’ என இருவகையிலும் அமையலாம்; ‘இட்’ போன்ற சுட்டுப்பெயராயின் ‘கிவ் இட் அப்’ என்று நடுவில் மட்டுமே நிற்கும். உட்பொருளோடு இவ்விரு விதிகளையும் மனத்திற்கொள்பவர் இவ்வினையைப் பிழையின்றித் தயக்கமில்லாமல் கையாளலாம்.