நடுவிலே கொஞ்சம் பச்சை!

ஃப்ளாட் புக் பண்ணுகிற நண்பர்களைக் கவனித்திருக்கிறேன். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, லிஃப்ட் என்ன கம்பெனி, போர் தண்ணீர் உப்பா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். 'பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் நடுவிலே என்ன ஸார் வருது?' என்று மட்டும் கேட்க மாட்டார்கள். குடிபோன மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தால், நாலடி தள்ளி எதிர் ஜன்னலில் இன்னொருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். அதே பேஸ்ட்!

சட்டம் இடம் விடத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டடம். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். 'ஆஹா, தோப்பே வைக்கலாமே!' என்று துள்ளாதீர்கள். தீ பிடித்தால் ஃபயர் என்ஜின் சுற்றி வர வேண்டாமா? அந்த இடத்தில் பெரும்பாலும் ஸிமெண்ட்தான். சின்னக் கட்டடங்களில் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் விட்ட நாலைந்து அடியில் ஸம்ப், மோட்டார், ஏழெட்டு பைக், போதாததற்கு அசோஸியேஷன் செகரெட்டரியின் பழைய பீரோ. காற்றுக்கென்று விட்ட இடத்தில் காற்றுதான் நுழைய முடியாது.

வெளியூர்க் கதை வேறு. சிங்கப்பூரில் காண்டோமினியம் கட்டுகிறவர் பக்கத்து எல்லையை ஒட்டி 2 மீட்டர் அகலத்துக்குச் செடி, மரத்துக்கென்றே மண் விட வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்களில் இதற்கு அட்டவணையே உண்டு. லேன் கெண்டிக் என்கிற நகரத் திட்ட நிபுணர் 1980-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கமாகச் சொன்னார். தனி வீட்டுக்குப் பக்கத்தில் தனி வீடு வந்தால் ஒல்லிப் பட்டை போதும். அடுக்குமாடியோ கடையோ வந்தால் பட்டை அகலம் கூடும். 'ஸார், என்கிட்டே அவ்வளவு இடம் இல்லை' என்றால், சரி, அகலத்தைக் குறைத்துக்கொள், அதற்குப் பதில் நூறு அடி நீளத்துக்கு இத்தனை மரம், இத்தனை செடி என்று நெருக்கமாக நடு. பேரம் பேச இடம் கொடுக்கிற சட்டம் எனக்குப் பிடிக்கும்.

நானே பேரம் பேசியவன்தான். எங்கள் வீட்டு மதிலை ஒட்டி ஒரு மாமரம். தாத்தா வைத்தது. போன வருஷம் அடுத்த மனையில் நாலு மாடி என்று ஜே.ஸி.பி. வந்து நின்றது. மதிலோரமாக ஸம்புக்குக் குழி. ஓடிப் போய் ஸைட் என்ஜினீயரைப் பிடித்தேன்.

"உங்க மரம் உங்க காம்பவுண்டுக்குள்ள இருக்கு. நாங்க எங்க மண்ணைத்தானே ஸார் தோண்டறோம்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் வேருக்கு எந்த ஸர்வே நம்பர் தெரியும்? மரத்தின் வேர்களில் பெரும்பகுதி ஆழத்தில் இல்லை. மேல் மண்ணில், ஏறக்குறைய இரண்டடிக்குள்தான் படர்ந்திருக்கும். அதுவும் கிளை பரவிய அளவைத் தாண்டி. ஒரு பக்கத்து வேரை மொத்தமாக அறுத்துவிட்டால் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. அங்கிருந்து காற்று பலமாக அடித்தால் மரம் சாய்வது எங்கே தெரியுமா? என் வீட்டு ஓட்டின் மேல்! 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்தவன் நான். அம்மா படுக்கிற அறை அந்த மரத்துக்கு நேர் கீழே.

மூன்று நாள் பேசினோம். எதிர்வீட்டு மாமா "கோர்ட்டுக்குப் போடாப்பா" என்றார். அவர் போட்ட கேஸ் பதினோரு வருஷமாக நடக்கிறது, பழக்கதோஷம். கடைசியில் என்ஜினீயருக்கு ஒரு கவலை இருந்தது தெரிந்தது: சாரம் கட்டக் கிளைகள் இடிக்கும். "கிளையை நான் ஆள் வைத்து அளவாகக் கழித்துத் தருகிறேன். ஸம்பை அந்த மூலைக்குத் தள்ளுங்கள், மரத்தோரம் கடப்பாரையால் தோண்டுங்கள்" என்றேன். ஒப்புக்கொண்டார். கனமான வேர்கள் பிழைத்தன.

உண்மையில் அவர் கிளையைத் தானே வெட்டியிருக்கலாம். நம் கோர்ட்டுகள் பின்பற்றுகிற ஆங்கிலேய மரபுப்படி, எல்லை தாண்டி வந்த கிளையைப் பக்கத்து நிலத்துக்காரர் தன் பக்கமிருந்தே கழிக்கலாம். ஆனால் வெட்டிய கிளையும் அதிலிருக்கிற காயும் மரத்துக்காரருக்கே சொந்தம்! பிரெஞ்சுச் சட்டம் இதற்கு நேர் எதிர்: கிளையை நீங்கள் தொடக்கூடாது, மரத்துக்காரரைத்தான் வெட்டச் சொல்ல வேண்டும், தானாக உங்கள் பக்கம் விழுந்த பழம் உங்களுக்கு. இரண்டு மீட்டருக்கு மேல் வளர்கிற மரத்தை எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நட வேண்டும் என்றும் அங்கே விதி. எங்கள் மாம்பழம் அந்தப் பக்கம் விழுந்தால் வாட்ச்மேன் எடுத்துக்கொள்கிறார். பிரெஞ்சுச் சட்டம் படித்திருப்பார் போல.

நாலடி மண்தான் இருக்கிறதா? அரசு, ஆல் கிட்டேயே போகாதீர்கள், மதிலைப் பிளந்துவிடும். முருங்கை காற்றில் முறியும். நர்ஸரியில் அசோகமரம் என்று விற்கிற நெட்டிலிங்கம் கம்பம் மாதிரி நேரே போகும், ஒல்லி இடத்துக்குத் தோது. (நிஜ அசோகம் வேறு, அதைச் சீதையோடு விட்டுவிடுங்கள்.) பார்வையை மறைக்கும், பக்கத்து வீட்டு டி.வி. சத்தத்தை ஒற்றை வரிசை மரம் நிறுத்தும் என்று நம்பாதீர்கள். கீழே இடுப்பளவு மறைப்புக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை. மூலையில் ஒரு பவழமல்லி. பூவெல்லாம் விடிவதற்குள் பக்கத்து வீட்டில்தான் கொட்டும். மாமி பூஜைக்கு எடுத்துக்கொள்ளட்டும். நாளைக்கு அவர்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது குழி எந்தப் பக்கம் என்று நீங்கள்தானே போய்க் கேட்கப் போகிறீர்கள்!