கண்ணாடியில உப்பு, கையில என்ன வைப்பர்?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ஏரியாவுல ஏதாவது ஒரு ஜன்னல் கண்ணாடி மேல விரலை வெச்சு ஒரு கோடு போடுங்க. மயிலாப்பூர் பார்ட்டின்னா விரல்ல மண் கலர் ஒட்டும். ராயபுரம்னா கறுப்பு. எண்ணூர்னா சாம்பல். திருவொற்றியூர் கடலோரத் தெருன்னா கலரே தெரியாது, ஆனா விரல் பிசுபிசுக்கும். நம்ம வட சென்னையில கண்ணாடி துடைக்கிற வேலையை எடுக்கணும்னு நினைக்கிற எந்த கேங்கும், கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த விரல் டெஸ்ட்டைப் பண்ணியே ஆகணும்.

'கண்ணாடி துடைக்கிறதெல்லாம் ஒரு பிசினஸா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க மக்களே. 2021 பிப்ரவரியில வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓட ஆரம்பிச்சதிலிருந்து, அந்த ரோட்டுல போய்க்கிட்டே இரண்டு பக்கமும் பாருங்க... மொபைல் கடை, நகைக் கடை, ஸ்கேன் சென்டர், ஜிம், டியூஷன் சென்டர்னு எத்தனை கண்ணாடி! அத்தனையும் காலையில பளிச்சுன்னு இருக்கணும், சாயந்திரத்துக்குள்ள கன்டெய்னர் லாரிகள் கிளப்பற புழுதி அத்தனையிலும் படியும். அதாவது, உங்க கஸ்டமருக்கு உங்க தேவை தீரவே தீராது. தியாகராயா காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்தா, முதல் கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு கடை முடிக்கலாம்.

பிரச்னை என்னன்னா, இந்த யோசனை வந்த உடனே எல்லோரும் பண்றது ஒண்ணே ஒண்ணுதான். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் நீலக் கலர் ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணும் பிளாஸ்டிக் வைப்பர் ஒண்ணும் வாங்கிட்டு வந்து நிற்கிறது. அந்த செட் வேளச்சேரி ஃபிளாட்டுல வீட்டுக்குள்ள இருக்கிற டிரெஸ்ஸிங் டேபிளுக்கு ஓ.கே. எண்ணூர் காத்துக்கு ஒத்துவராது!

கறுப்பு, சாம்பல், உப்பு

ராயபுரத்துக் கறுப்புக்கு ஒரு சரித்திரமே உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிந்து கிடந்த காலத்தில், மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை கறுத்துப் போவது அந்தப் பக்கத்து வீடுகளில் தினசரிக் கதை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011-ல் அந்தச் சரக்குகள் எண்ணூர் துறைமுகத்துக்குப் போயின. (2014-ல் இருந்து அதன் பெயர் காமராஜர் துறைமுகம்.) ராயபுரத்துக்கு நிம்மதி; எண்ணூருக்கு? அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையங்களின் சாம்பல். எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் புகைபோக்கிகள் ஓய்வெடுக்கவில்லை.

இந்தச் சாம்பல் இருக்கிறதே, அது சும்மா தூசி இல்லை. அதில் சிலிக்கா இருக்கிறது. படிக வடிவ சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் நீங்கள் கண்ணாடியைத் துடைக்கவில்லை பாஸ், உப்புத்தாள் போட்டு ராவுகிறீர்கள்! கீறல் அப்போது தெரியாது. வெயில் சாய்வாக அடிக்கும்போது கடைக்காரர் கண்ணில்தான் முதலில் படும். ஷோரூம் கண்ணாடி ஒன்றை மாற்ற ஆகிற செலவை ஒரு தடவை விசாரித்து வையுங்கள், தூக்கம் போய்விடும்.

கடல் உப்பு இன்னொரு வகை வில்லன். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி, ராத்திரியில் கசிந்து, பறந்து வருகிற தூசியை எல்லாம் 'வா மச்சி'ன்னு கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. நம்ம அம்மாக்களோட நியூஸ்பேப்பர் டெக்னிக் பல ஊர்களில் சூப்பராக வேலை செய்யும். இங்கே காய்ந்த பேப்பரை எடுத்தால் உப்பையும் சாம்பலையும் ஒன்றாகக் குழைத்து இழுத்ததுதான் மிச்சம்.

ஆக, முதல் கருவி வைப்பர் இல்லை. நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்கிற, பஞ்சு உறை போட்ட 'டி' வடிவக் கைப்பிடி. இதில் தண்ணீரை எடுத்து, அழுத்தாமல், மேலிருந்து கீழே அழுக்கை ஊறவைத்து வழிய விடணும். வாளி இரண்டு வேணும்: ஒன்று சோப்புத் தண்ணிக்கு, இன்னொன்று அழுக்கு உறையை அலச. ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால், முதல் கண்ணாடியின் சாம்பல் மூணாவது கண்ணாடியைக் கீறும். வாளி வாய் நீளவாக்கில் இருந்தால் வைப்பர் குறுக்கே உட்காரும். வட்ட வாளியில் அது முடியாது.

தண்ணி காட்டும் தண்ணி

இதுதான் மெயின் மேட்டர். எவ்வளவு ஒசத்தி வைப்பர் வாங்கினாலும், கடைசியில் கண்ணாடியில் நிற்பது உங்கள் தண்ணீர்தான்.

நம்ம பக்கத்து போர் தண்ணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மீஞ்சூர் வரைக்கும் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிய கதை ஊரறிந்தது. காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் திறந்ததே சென்னையின் தாகத்துக்காகத்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவை டி.டி.எஸ். என்பார்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. சும்மா ஒரு கணக்கு: உங்க போர் தண்ணியில் 1,500 இருக்குன்னு வைங்க. ஒரு லிட்டர் தண்ணீர் கண்ணாடி மேலேயே காய்ந்தால் ஒன்றரை கிராம் உப்பு அங்கேயே உட்காரும். அழுக்கை எடுத்துட்டு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி!

அதனால் முதல்ல வாங்க வேண்டியது, பேனா சைஸில் ஒரு டி.டி.எஸ். மீட்டர். சில நூறு ரூபாய்தான். காலேஜ் குழாய், வீட்டு போர், லாரித் தண்ணி, கடைக்காரர் வீட்டு ஆர்.ஓ. என்று எல்லாவற்றிலும் முக்கிப் பாருங்க. எந்தக் குழாயில் நம்பர் கம்மியோ, அதுதான் உங்க கடைசி அலசல் தண்ணி. கழுவறதுக்கு மெட்ரோ வாட்டர் போதும்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு நீளக் கம்பின் நுனியில் பிரஷ், அதிலிருந்து தண்ணீர் பீச்ச, துடைக்காமலேயே கண்ணாடி காய்ந்து பளபளப்பதைப் பார்த்திருப்பீங்க. அது மந்திரம் இல்லை. தண்ணியிலுள்ள உப்பு மொத்தத்தையும் பிசின் உருளைகள் வழியாக எடுத்து, டி.டி.எஸ்.ஸை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அனுப்புகிறார்கள். காய்ந்தாலும் விட்டுப்போக ஒண்ணும் இல்லை, அதான் கறை இல்லை. ஆசைப்பட்டு அதை இங்கே வாங்கி நேரடியாக போர் குழாயில் மாட்டிடாதீங்க. உப்பு ஏற ஏற பிசினின் ஆயுள் அதே வேகத்தில் குறையும். 100 டி.டி.எஸ். தண்ணியில் பத்து நாள் வருவது, 1,000 டி.டி.எஸ்.ஸில் ஏறக்குறைய ஒரே நாளில் காலி. முதலில் ஆர்.ஓ., அப்புறம்தான் பிசின். இந்தச் செலவு நிரந்தர கஸ்டமர்கள் சேர்ந்த பிறகு யோசிக்க வேண்டியது.

ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்புத் தண்ணிக் கறைக்கு வினிகர், இல்லாட்டி எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர். பாத்ரூம் ஆசிட்டைத் தொடாதீங்க, அலுமினிய ஃபிரேம் போயிடும். ஆசிட்டோட பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது உங்க நுரையீரல் மேட்டர்.

வைப்பரும் ஒரு கப்பல் பார்ட்டிதான்

வைப்பருக்கும் துறைமுகத்துக்கும் ஒரு பழைய பந்தம் இருக்கு. 19-ம் நூற்றாண்டில் அது கப்பல் தளத்து ஈரத்தை இழுத்துத் தள்ளுகிற கருவி. இன்னிக்கும் காசிமேட்டில் மீன் தளத்தில் தண்ணி தள்ளுகிற கட்டையைப் பாருங்க, அதன் அண்ணன்தான். ஜன்னலுக்கு வந்தபோது அது கனமான இரும்பு. ரப்பர் மாற்ற ஒரு டஜன் ஸ்க்ரூவைக் கழற்றணும். 1936-ல் அமெரிக்காவின் ஓக்லாந்தில், ஜன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்கிற இத்தாலிக்காரர் கடுப்பாகி, எடை குறைந்த பித்தளைச் சட்டத்தில் ஒற்றை ரப்பரைச் செருகி ஒரு வைப்பர் செய்தார். தொழில்முறை வைப்பர்களின் அடிப்படை இன்று வரைக்கும் அதுதான். அவர் பெயரிலேயே 'எட்டோரே' பிராண்டு இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த 'உங்கர்' இன்னொரு பெரிய பெயர்.

வாங்கும்போது சட்டத்தைப் பார்க்காதீங்க, ரப்பரைப் பாருங்க. விளிம்பு கத்தி மாதிரி கூர்மையா இருக்கணும். நகத்தால் தடவினால் ஒரு பிசிறு தட்டினாலும் கண்ணாடியில் ஒரு கோடு விழும். நல்ல வைப்பரில் ரப்பரை உருவித் திருப்பிப் போட்டு இரண்டாவது விளிம்பையும் பயன்படுத்தலாம், தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். ரப்பரை மாற்றவே முடியாத மாடல், எவ்வளவு சீப்பா இருந்தாலும் வேண்டாம். மெது ரப்பர், கடின ரப்பர் என்று இரண்டு ரகம் உண்டு; நம்ம வெயிலுக்குக் கடினம்தான் தாங்கும். சட்டம் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும், சாதா இரும்பு கடல் காத்துல சீக்கிரமே துருப்பிடிக்கும்.

சைஸ்? பொது வேலைக்கு 14 அங்குலம். ஷோரூமுக்கு 18. ஆனா ராயபுரத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்குக் குறுக்கே கம்பி இருக்குமே... அதற்கு 6 அங்குலக் குட்டி ஒண்ணு இல்லாமல் போகாதீங்க. ஓரம் துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணி. சோப்பு? பாத்திரம் தேய்க்கிற லிக்விட், ஒரு வாளிக்குச் சில சொட்டு. நுரை அதிகமானால் கோடு அதிகம், அவ்வளவுதான்.

பெயின்ட் சொட்டைச் சுரண்டுகிற பிளேடு விஷயத்தில் உஷார். கண்ணாடி மூலையில் டஃபன்டு முத்திரை இருந்தால் பிளேடு வேண்டாம். தயாரிப்பின்போது அதன் மேல் ஒட்டிக்கொண்ட நுண்துகள்களை பிளேடு பெயர்த்து இழுத்துக் கீறிவிடும். வெயிலுக்கு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு பிளேடும் இல்லை, அமோனியா கலந்த ஸ்ப்ரேயும் இல்லை.

எண்ணெய் வேற டிபார்ட்மென்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியதே... அந்த மாதிரிக் கசடு மேல் வைப்பர் போட்டால் ரப்பர் ஊதிப் போகும். கையுறையோடு, பழைய துணியில் ஒற்றி எடுத்த பிறகுதான் சோப்பு, தண்ணி எல்லாம்.

கம்பு நீளலாம், நீங்கள் ஏறலாமா?

முதல் மாடி வரைக்கும் தரையில் நின்றே நீட்டுகிற கம்பு போதும். ஆனால் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: 'அண்ணே, இது என்ன மெட்டீரியல்?' அலுமினியத்தில் மின்சாரம் பாயும். எல்லோருக்கும் தெரியும். எடை குறைவு என்று விலை அதிகமாக விற்கிற கார்பன் ஃபைபரிலும் பாயும் என்பது பலருக்குத் தெரியாது! ஃபைபர் கிளாஸ் காய்ந்திருக்கும்வரை கடத்தாது. ஆனா உங்க கம்பு எப்பவும் ஈரமாகத்தானே இருக்கப்போகுது? தலைக்கு மேல் மின்கம்பி போகிற சந்தில் கம்பையே நிமிர்த்தாதீங்க. கும்மிடிப்பூண்டி லைனை ஒட்டிய கட்டடம் என்றால் அந்த வேலையே வேண்டாம். அந்த ரயில் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட்.

அடுத்தது, கண்டிப்பாக ஒருநாள் வரப்போகிற ஆஃபர். 'தம்பி, அஞ்சாவது மாடி கண்ணாடி. மொட்டை மாடியில கயிறு கட்டித் தர்றேன், இடுப்புல பெல்ட் மாட்டிக்கிட்டு இறங்கு. ஆளுக்கு ரெண்டாயிரம்.' பாக்கெட் மணி கண்ணுக்கு முன்னாடி டான்ஸ் ஆடும். பதில் ஒன்றுதான்: 'இல்லண்ணே, அது எங்க வேலை இல்ல.'

துபாயின் புர்ஜ் கலீஃபாவில், 828 மீட்டர் உயரத்தில், 24,348 ஜன்னல்களைத் துடைக்கிறவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் இரண்டு நாள் தைரியத்தில் இறங்கியவர்கள் இல்லை. கயிற்றில் தொங்கும் வேலைக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட 'இராட்டா' முறையில், ஒருவருக்கு எப்பவும் இரண்டு கயிறு. ஒன்று வேலைக்கு, மற்றது உயிருக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பிடிமானம். 18 வயது நிரம்பணும், நாலு நாள் பயிற்சி, ஐந்தாவது நாள் வெளியாள் வந்து பரீட்சை. அதில் தேறினால் முதல் நிலை. இரண்டாம் நிலைக்குக் குறைந்தது ஒரு வருஷமும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் வேணும். கடல்மேல் எண்ணெய்க் கிணறுகள், காற்றாலைகள் எல்லாம் இந்த சான்றிதழைக் கேட்கின்றன. நிஜமாகவே உயரம் பிடிக்கும் என்றால் அந்தப் பக்கம் போங்க, அது ஒரு முழு கேரியர்.

இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பவே நம்பாதீங்க. விழும்போது மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை என்று உடம்பு முழுக்கப் பிடிக்கிற ஹார்னஸ்தான் சரி. அதில் ஐ.எஸ். 3521 என்ற எண் இருக்கிறதா பாருங்க. ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸ், பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் அடுத்த ஆளுக்கு ஆகாது.

சரி, முதல் ஷாப்பிங்குக்கு பாரிமுனை ஹார்டுவேர் கடைகள் பக்கம் போறீங்க. டி.டி.எஸ். மீட்டர், இரண்டு வாளி, பஞ்சு உறை, 14-ல் ஒரு வைப்பர், 6-ல் ஒரு வைப்பர், மாற்று ரப்பர், துணி. கம்பு அடுத்த மாசம் வாங்கிக்கலாம். முதல் கஸ்டமராகத் தரைத்தளக் கடையாகப் பாருங்க. கிழக்குப் பார்த்த கண்ணாடி என்றால் காலை ஆறரைக்கே போயிடுங்க. எட்டு மணி வெயிலில் கண்ணாடி சூடேறி, நீங்க வைப்பரை எடுக்கிறதுக்குள்ள சோப்புத் தண்ணி காய்ஞ்சிடும்.