உண்ணிக் காய்ச்சல்: ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல், கரும்பு சாகுபடியோடு ஒன்றிரண்டு கலப்பினக் கறவை மாடுகளும் வைத்துள்ள சிறு விவசாயிகள் பலர். அறுவடைக்கு இடைப்பட்ட மாதங்களில் பால் பணமே வீட்டுச் செலவைத் தாங்குகிறது. அந்தக் கறவையை வீழ்த்தக்கூடியது உண்ணிக் காய்ச்சல்.

உண்ணி பரப்பும் காய்ச்சல் ஒன்றல்ல, பல. அவற்றுள் பாக்டீரியாவால் வருவது அனபிளாஸ்மா நோய். 1910-ல் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தெய்லர் இக்கிருமியைக் கண்டறிந்தார். இது இரத்தச் சிவப்பணுக்களில் புகுந்து பெருகி, இரத்தச் சோகையை உண்டாக்குகிறது. உண்ணி பரப்பும் பாக்டீரியா நோய் குதிரைகளுக்கும் உண்டு.

அறிகுறிகள்

கடுங்காய்ச்சல் காணும், பால் திடீரெனக் குறையும், மாடு அசை போடாது. கண் இமையின் உட்புறம் முதலில் வெளுத்து, பின்னர் மஞ்சளாகும். சாணம் இறுகும். சினை மாடு கருச்சிதைவு அடையலாம். கன்றுகளுக்கு இந்நோய் லேசாக வந்து போகும். வளர்ந்த மாடுகளுக்கே கடுமை அதிகம்.

சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது பெரும்பாலும் பபீசியா நோய். தோள் முன்புறம் நெறி கட்டியிருந்தால் தைலேரியா நோயாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஆகவே ஊசி போடுமுன் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பரிசோதிப்பது அவசியம். அனபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் நல்ல பலன் தரும். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் சொல்லும் நாள் வரை அப்பாலைச் சங்கத்திற்கு ஊற்றக் கூடாது. சோகை முற்றிய மாட்டை வெயிலில் நடத்திச் செல்லாதீர்கள். வழியிலேயே விழுந்து இறக்கக்கூடும். மருத்துவரைக் கொட்டகைக்கு அழைப்பதே நலம்.

மறைந்திருக்கும் கிருமி

காய்ச்சல் கண்ட மாடுகளை மட்டும் எண்ணினால் நோயின் பரவல் தெரியாது. பிழைத்த மாடு கொழுகொழுவென்று இருந்தாலும் நெடுங்காலம் இரத்தத்தில் கிருமியைச் சுமக்கும். அதைக் கடித்த உண்ணியும் கடி ஈயும் மற்ற மாட்டிற்கு நோயைக் கொண்டு செல்லும். கழுவாத ஊசியும், கொம்பு சுடும், காயடிக்கும் கருவிகளும் அவ்வாறே பரப்பும். மாட்டுக்கு மாடு புது ஊசி கேளுங்கள். கிருமி புகுந்து நோய் வெளிப்பட 3 முதல் 5 வாரம் ஆகலாம். சந்தையில் வாங்கிய மாட்டை ஒரு மாதமேனும் தனியே கட்டி, உண்ணி நீக்கிக் கவனியுங்கள்.

உண்ணி ஒழிப்பு

மாட்டு உண்ணி சுமார் 3 வாரம் மாட்டின் மேல் இருந்து, இரத்தம் குடித்துப் பருத்துக் கீழே விழும். பெண் உண்ணி சுவர் வெடிப்பிலும் எருக்குழியோரத்திலும் 2,000-க்கு மேல் முட்டையிடும். ஆகவே மாட்டிற்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. கொட்டகை வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். காது உட்புறம், மடி, வாலடி ஆகிய இடங்களை நாள்தோறும் தடவிப் பாருங்கள். மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் கலந்து, மாட்டிற்கும் கொட்டகைக்கும் ஒரே நாளில் தெளித்து, 2 அல்லது 3 வாரத்தில் மீண்டும் தெளிக்க வேண்டும். மருந்து தெளிக்குமுன் மாட்டிற்கு வயிறாரத் தண்ணீர் காட்டுங்கள். தாகத்தில் உடலை நக்காது.

இரத்தப் பரிசோதனைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.