குதிரை இல்லாத வண்டிக்குச் சுங்கம் உண்டா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பட்டம் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்து, 1826-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காலத்தில் சுங்கச்சாவடியில் குதிரைகளை எண்ணித்தான் காசு கேட்பார்கள். இவர் வண்டியிலோ குதிரையே இல்லை. காசு கட்டாமலே கடந்து போனாராம்! தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டத்தால் மேலே தூக்கியும் பார்த்திருக்கிறார். (அந்த மார்த்தாவின் மகன்தான் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ்.)

பட்டம் இழுக்கும் இன்றைய வண்டியின் பெயர் ‘கைட் பக்கி’. அதற்கு மூன்று சக்கரங்கள். 1990 வாக்கில் நியூசிலாந்தின் பீட்டர் லின் இதைப் பரவலாக்கினார். அகன்ற கடற்கரைகளிலும், அமெரிக்காவின் இவான்பா போன்ற வறண்ட ஏரித் தரைகளிலும் ஓட்டுகிறார்கள்.

இதை இழுக்கும் பட்டத்தில் பெரும்பாலும் குச்சியே கிடையாது. இரண்டு அடுக்குத் துணி, நடுவே வரிசையாக அறைகள், முன்விளிம்பில் திறந்த வாய்கள். காற்று உள்ளே புகுந்ததும் அறைகள் உப்பி, பட்டம் விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும்.

அது எவ்வளவு இழுக்கும்? இங்கேதான் கணக்கு வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது! அதனால் மணிக்கு 15 கி.மீ. காற்றில் சாதுவாக இருந்த பட்டம், 30 கி.மீ. காற்றில் ஆளையே தரதரவென்று இழுத்துவிடும். பட்டம் தானே குறுக்காகப் பாய்ந்தாலும் அப்படித்தான். அதன் சொந்த வேகமும் சேர்வதால், அதன்மேல் படும் காற்றின் வேகம் கூடிவிடுகிறது.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், பட்டம் தலைக்கு நேர் மேலேயோ இடது வலது ஓரங்களிலோ இருக்கும்போது இழுவை குறைவு. எதிரே, நடுவில், தாழ்வாக வரும்போதுதான் முழு வலு. புதிதாகப் பழகுபவர் முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டிய படம் இதுதான்.

பழக, 2 அல்லது 3 சதுர மீட்டர் பட்டமும் சீரான மெல்லிய காற்றும் போதும். வண்டி இப்போது வேண்டாம். தரையில் நின்றே பழகலாம். இரண்டு கைப்பிடிகள், நான்கு நூல்கள். மேல்நூல் இரண்டும் இழுவையைத் தாங்கும். கீழ்நூல் இரண்டும் பிரேக். வலது கையை இழுத்தால் பட்டம் வலப்பக்கம் திரும்பும். படுக்கவைத்த எட்டுப்போல வானில் வரைந்து பழகுங்கள். பட்டத்தைப் பார்க்காமலே கை அதை உணரும்வரை வண்டியில் ஏறக் கூடாது.

வண்டியில் கைகளுக்குப் பட்டம்தான் வேலை. முன்சக்கரத்தைக் கால்களால் திருப்ப வேண்டும். சக்கரம் முன்னே உருளும், பக்கவாட்டில் சறுக்காது. அதனால்தான் காற்றுக்குக் குறுக்கேயும் போக முடிகிறது. சில நேரம் காற்றையே முந்தவும் முடிகிறது! பொதுவாகச் சக்கரத்துக்குப் பிரேக் இராது. நிற்க வேண்டுமானால் பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, வண்டியைக் காற்று வரும் பக்கம் திருப்புவார்கள்.

பிரேக் நூல்களோடு சேர்ந்த வார் மணிக்கட்டில் இருக்கும். கைப்பிடிகளை விட்டுவிட்டால் மேல்நூல்கள் தளர்ந்து, பட்டம் வலுவிழந்து கீழே விழும். பயந்தால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

தலைக்கவசமும், பழகிய பெரியவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். மின்கம்பி கண்ணில் பட்டாலோ, இடி கேட்டாலோ, கடற்கரையில் கூட்டம் இருந்தாலோ அன்றைக்குப் பட்டத்தைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.